மெஷின் கிளம்பிய பிறகு தெரியும் லாபம்

கோயம்புத்தூரில் ஸ்பெஷல் மெஷின் செய்து கொடுக்கும் ஒரு முதலாளியிடம் போய், "போன மாசம் ஒரு மெஷின் அனுப்பினீங்களே, அதுல எவ்வளவு நின்னுச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்ப்பார். அப்புறம், "பரவாயில்லீங்க, கையக் கடிக்கல" என்பார். நாற்பது லட்ச ரூபாய் மெஷினுக்குக் கிடைக்கும் லாப நஷ்டக் கணக்கு அவ்வளவுதான்.

அவர் எதையும் மறைக்கவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியாது. வருஷக் கடைசியில் ஆடிட்டர் மொத்தக் கம்பெனிக்கும் ஒரு லாபம் சொல்வார். ஆனால் அந்த வருஷம் செய்த பன்னிரண்டு மெஷின்களில் எது சம்பாதித்தது, எது தின்றது என்று ஆடிட்டருக்கும் தெரியாது.

பி.காம். படிப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் ஜாப் காஸ்டிங் என்று ஒரு பாடம் வருகிறது. மெட்டீரியல் இவ்வளவு, கூலி இவ்வளவு, ஓவர்ஹெட் இவ்வளவு என்று எல்லாம் கணக்கிலேயே கொடுத்திருப்பார்கள். கூட்டிப் போட்டால் பத்து மார்க். அந்த 'இவ்வளவு' எங்கிருந்து வந்தது என்று எந்தப் புத்தகமும் சொல்வதில்லை. பட்டறையில் கஷ்டமே அந்த 'இவ்வளவு'தான்.

இந்த இடத்தில்தான் ஈ.ஆர்.பி. வருகிறது. கொள்முதல், ஸ்டோர்ஸ், உற்பத்தி, விற்பனை, கணக்கு எல்லாம் ஒரே மென்பொருளில், ஒரே தகவல் தளத்தில். ஸ்டோரில் ஒரு பேரிங்கை எடுத்தால் கணக்கில் அதன் விலை தானாக நகரும். கேட்க ரொம்ப அழகாக இருக்கும். பிஸ்கட் கம்பெனியில், ஃபேன் கம்பெனியில் இது நன்றாகவே ஓடுகிறது. ஒவ்வொரு ஆர்டருக்கும் புதிதாக வரைந்து செய்யும் இடத்தில் மட்டும் ஏன் திணறுகிறது?

அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஈ.ஆர்.பி.யின் தாத்தா எம்.ஆர்.பி. (பாக்கெட்டில் அச்சடிக்கும் அதிகபட்ச விலை இல்லை, மூலப்பொருள் தேவையைத் திட்டமிடும் முறை!) ஜோசப் ஆர்லிக்கி என்பவர் 1975-இல் அதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அதன் அடிப்படை எளிமையானது. நூறு சைக்கிள் வேண்டும் என்றால் இருநூறு சக்கரம் வேண்டும். கையில் முப்பது இருக்கிறது, நூற்றெழுபது வாங்கு. என்றைக்கு வாங்க வேண்டும் என்பதையும் கம்ப்யூட்டரே சொல்லிவிடும். 1972-இல் ஐ.பி.எம்.மிலிருந்து வெளியே வந்த ஐந்து பேர் ஜெர்மனியில் எஸ்.ஏ.பி.யைத் தொடங்கினார்கள். ஈ.ஆர்.பி. என்ற பெயரை 1990-இல் வைத்தது கார்ட்னர் நிறுவனம். எஸ்.ஏ.பி.யின் ஆர்/3 1992-இல் வந்தது. பெரிய கம்பெனிகள் வரிசையில் நின்று வாங்கின. நம் சென்னையிலேயே ராம்கோ 1990-களில் சொந்தமாக ஒரு ஈ.ஆர்.பி. செய்து விற்றது.

இத்தனைக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆர்டர் வருவதற்கு முன்பே அந்தப் பொருளுக்கு என்னென்ன பாகம் வேண்டும் என்ற பட்டியல் தயாராக இருக்கும் என்பதே அது. பில் ஆஃப் மெட்டீரியல், சுருக்கமாக பி.ஓ.எம். சைக்கிளுக்கு இருக்கிறது, பிஸ்கட்டுக்கு இருக்கிறது. ஸ்பெஷல் மெஷினுக்குக் கிடையாது. அங்கே ஆர்டரும் அட்வான்ஸும் வந்த பிறகுதான் டிசைனர் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறார். பட்டியல் முழுதாக முடியும்போது மெஷின் பாதி வளர்ந்திருக்கும். சில சமயம் மெஷின் லாரி ஏறிய பிறகும் பட்டியல் முடிந்திருக்காது.

பெரிய இடங்களிலும் சறுக்கல்கள் உண்டு. தாமஸ் டேவன்போர்ட் 1998-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரையில் இரண்டு உதாரணம் கொடுத்திருந்தார். சிப் தயாரிக்கும் கருவிகளைச் செய்யும் அப்ளைடு மெட்டீரியல்ஸ், இதற்காகக் கம்பெனிக்குள் செய்ய வேண்டிய மாற்றங்களின் பளு தாங்காமல் பாதியில் விட்டது. டெல், தன் புதிய நிர்வாக முறைக்கு அந்த மென்பொருள் பொருந்தவில்லை என்று கண்டது. மென்பொருள் தன் தர்க்கத்தைக் கம்பெனியின் மேல் ஏற்றிவிடும் என்பதுதான் அவர் வாதம். கோடிகளில் புரளும் கம்பெனிக்கே அப்படி என்றால் கணபதியில் நாற்பது பேர் வேலை செய்யும் பட்டறைக்கு?

அப்படி ஒரு பட்டறையின் கதை இது. பெயர் வேண்டாம். பம்ப் கம்பெனிகளுக்கும் ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனிகளுக்கும் துளை போடும், மில்லிங் செய்யும் ஸ்பெஷல் மெஷின்கள் செய்கிறார்கள். முதலாளிக்கு அறுபது வயது, லேத்திலிருந்து தொடங்கியவர். மகள் சென்னையில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்து, டாலியும் எக்செல்லும் ஸ்டோர்காரரின் நீள நோட்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடித்தார். (ஒத்துப்போனால்தான் ஆச்சரியம்!) மென்பொருள் வாங்கலாம் என்று அப்பாவை ஆறு மாதம் நச்சரித்துச் சம்மதிக்க வைத்தார்.

டெமோ பிரமாதமாக இருந்ததாம். டெமோவில் காட்டியது ஒரு ஃபேன் கம்பெனியின் கணக்கு என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

ஏப்ரல் முதல் தேதி ஆரம்பித்தார்கள். இரண்டாவது வாரமே முட்டுக்கட்டை. பி.ஓ.எம். முழுதாக ஏற்றாமல் ஒர்க் ஆர்டர் போட மென்பொருள் விடவில்லை. ஒர்க் ஆர்டர் இல்லாமல் பர்ச்சேஸ் ஆர்டர் போக முடியாது. டிசைன் முடிய ஆறு வாரம். ஆனால் மெஷின் பெட்டுக்கான காஸ்டிங்கை முதல் வாரமே ஃபவுண்டரிக்குச் சொல்லியாக வேண்டும். பால் ஸ்க்ரூவையும் ஸ்பிண்டிலையும் அதற்கு முன்பே சொல்ல வேண்டும், அவை வர மாதக்கணக்கில் ஆகும். டிசைனர் என்ன செய்வார்? 'மிஸ்லேனியஸ், 1 எண்ணம்' என்று ஒரு வரி அடித்துப் பட்டியலை முடித்தார். மென்பொருளுக்கும் திருப்தி, பர்ச்சேஸுக்கும் திருப்தி. நான்கு மாதத்துக்குப் பிறகு எடுத்துப் பார்த்தால் மெட்டீரியல் செலவில் பாதிக்கு மேல் அந்த மிஸ்லேனியஸில் போய் உட்கார்ந்திருந்தது. அது என்ன பாகம், எந்த மெஷினுக்கு என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

ஸ்டோரில் இன்னொரு கூத்து. எம்8 போல்ட்டுக்கு ஐந்து கோடு. வாங்கியவர் ஒரு பெயரில், வரைந்தவர் ஒரு பெயரில், கணக்கெழுதியவர் சப்ளையர் பில்லில் இருந்த பெயரில் ஏற்றியிருந்தார்கள். ரேக்கில் போல்ட் இருக்கும், கம்ப்யூட்டர் இல்லை என்று சொல்லும், புதிதாக வாங்குவார்கள். இருபத்து மூன்று வருஷமாக ஸ்டோரைப் பார்க்கும் அண்ணனுக்கும், மென்பொருள் கம்பெனியிலிருந்து வந்த பையனுக்கும் நடந்த பேச்சு இப்படி:

"தம்பி, இந்தப் பேரிங் ஆறு இருக்குதுன்னு உங்க கம்ப்யூட்டரு சொல்லுதுங்க. நாலு நான் போன வாரமே எடுத்துக் குடுத்துட்டனுங்க."

"எடுக்கறப்ப ஸ்லிப் போடலீங்களாண்ணா?"

"ராத்திரி பதினோரு மணிக்கு டிரையல் ஓடுதுங்க தம்பி. காலைல கஸ்டமரு பாக்க வர்றாரு. உங்க ஸ்லிப்புக்காக மெஷினு காத்துட்டு இருக்குமுங்களா?"

யார் பக்கம் நியாயம்? இரண்டு பக்கமும்தான். ஆனால் ஸ்லிப் போடாத நான்கு பேரிங்கும் அந்த மெஷினின் கணக்கில் ஏறவில்லை. அந்த மெஷின் லாபம் காட்டும். வருஷக் கடைசியில் ஸ்டாக் குறையும். நஷ்டம் பொதுவில் போய்விடும், யார் தலையிலும் விழாது. எல்லா மெஷினும் லாபம், கம்பெனி மட்டும் நஷ்டம் என்ற மாயம் இப்படித்தான் நடக்கிறது.

ஆகஸ்டில் எல்லோரும் பழைய நோட்டுக்கே திரும்பிவிட்டார்கள். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய மென்பொருள் பில் அடிக்க மட்டும் பயன்பட்டது. முதலாளி மகளை ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்திருக்கும்.

இதற்கு மென்பொருளை மட்டும் குற்றம் சொல்வது சுலபம். பட்டறைகளில் யாரும் வெளியில் சொல்லாத ஒரு விஷயம் உண்டு: ஈ.ஆர்.பி.க்குப் பெரிய எதிரி ஸ்டோர்காரரோ ஃபோர்மேனோ இல்லை, முதலாளிதான். கஸ்டமர் போன் பண்ணி, "அந்த கிளாம்ப்பைக் கொஞ்சம் மாத்திக் குடுத்துருங்க" என்பார். "அதுக்கென்னுங்க, பண்ணிரலாம்" என்று இவர் சொல்லிவிடுவார். அந்த ஒரு வார்த்தையில் டிராயிங் மாறும், வெட்டி வைத்த இரும்பு வீணாகும், ஜாப் ஒர்க்குக்குப் போன பாகம் இன்னொரு தடவை போகும். எதுவும் எங்கும் பதிவாகாது. எல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. தலைக்குள் இருப்பதற்கு எந்த மென்பொருளிலும் திரை கிடையாது.

இன்னொரு பக்கம் சட்டமும் நெருக்குகிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. ஜாப் ஒர்க்குக்கு சலானில் அனுப்பும் பொருள் ஒரு வருஷத்துக்குள் திரும்ப வர வேண்டும், வராவிட்டால் அனுப்பிய அன்றே விற்றதாகக் கணக்காகிவிடும். இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதல் உள்ளவர்களுக்கு என்று தொடங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடி வரை இறங்கி வந்துவிட்டது. கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் 2023 ஏப்ரலிலிருந்து, யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்ற தடத்தை அழிக்க முடியாத கணக்கு மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கிற வருஷத்தில்தான் அந்தச் செலவை வருமான வரியில் கழிக்கலாம் என்ற விதியும் 2023-இல் சேர்ந்தது. கிரைண்டிங் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைகளுக்கு எவ்வளவு பாக்கி, எத்தனை நாள் ஆகிறது என்று நோட்டைப் புரட்டித் தேடினால் மார்ச் முழுக்க அதிலேயே போய்விடும்.

ஒரு வருஷம் கழித்து மகள் மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை டெமோ எதுவும் இல்லை. ஸ்டோரில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஸ்டோர் அண்ணனோடு ஆறு வாரம் உட்கார்ந்தார். ஒவ்வொரு ரேக்காக எடுத்து எண்ணினார்கள். கடையில் வாங்கும் பொருளுக்கு நிரந்தரக் கோடு, ஒன்றுக்கு ஒன்றுதான். வரைந்து செய்யும் பாகத்துக்குக் கோடு என்று தனியாக எதுவும் கிடையாது, டிராயிங் நம்பரே கோடு. மெஷினுக்கு ஒரு ஜாப் நம்பர். பர்ச்சேஸ் ஆர்டர், சலான், ஸ்லிப், லாரி வாடகை, டீச்செலவு வரை அந்த நம்பர் இல்லாமல் எதுவும் நகரக் கூடாது.

பி.ஓ.எம். பிரச்சினையையும் மென்பொருள் ஆட்களோடு சண்டை போட்டுத் தீர்த்தார்கள். பட்டியலைத் துண்டு துண்டாக வெளியிடலாம் என்று மாற்றினார்கள். முதல் துண்டில் காஸ்டிங், ஸ்பிண்டில், பால் ஸ்க்ரூ. அடுத்தது ஹைட்ராலிக்ஸ். கடைசியில் கிளாம்ப்பும் கவரும். ஒவ்வொரு மெஷினும் புதிது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் எண்ணிப் பார்த்தபோது, பவர் பேக்கும் எலக்ட்ரிக்கல் பேனலும் லூப்ரிகேஷனும் பெரும்பாலும் பழைய மெஷினில் இருந்ததேதான் என்று தெரிந்தது. அவற்றின் பட்டியலை அப்படியே காப்பி எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது ஆட்களின் நேரக் கணக்கு. எந்த ஜாப்பில் எத்தனை மணி நேரம் என்று எழுதச் சொன்னதும் ஃபிட்டர்கள் முகம் மாறியது. "நாங்க சும்மா உக்காந்திருக்கறத எண்ணறதுக்குத்தானுங்களே அம்மிணி இது?" என்று மூத்த ஃபிட்டர் நேராகவே கேட்டார். நியாயமான சந்தேகம். அந்தச் சீட்டைச் சம்பளத்துக்கோ இன்க்ரிமெண்டுக்கோ எடுப்பதில்லை என்று முதலாளியே எல்லோர் முன்னாலும் சொன்ன பிறகுதான் சீட்டு வர ஆரம்பித்தது. முதல் மாதம் எல்லாச் சீட்டிலும் எட்டு மணி நேரம், எட்டு மணி நேரம் என்றே இருந்தது :-) மூன்றாவது மாதத்தில் 'டிராயிங் வரவில்லை, இரண்டு மணி நேரம்' என்று ஒருவர் எழுதினார். அதற்கப்புறம் எல்லோரும் எழுதினார்கள். ஆட்கள் சும்மா இருந்தது எதனால் என்று அப்போதுதான் டிசைன் ரூமுக்குத் தெரிந்தது.

முழுதாகப் பதிவான முதல் மெஷின், பம்ப் பாடிக்குத் துளை போடுவது. விலை 40 லட்சம். கொட்டேஷன் போட்டபோது நினைத்தது: மெட்டீரியல் 22 லட்சம், கூலியும் ஜாப் ஒர்க்கும் ஏழரை, ஓவர்ஹெட் 4, கஸ்டமர் இடத்தில் நிறுவ 50 ஆயிரம். ஆக 34, மிச்சம் 6. நடந்தது: மெட்டீரியல் 24.10, கூலியும் ஜாப் ஒர்க்கும் 9.60, ஓவர்ஹெட் அதே 4, நிறுவும் செலவு 1.50. ஐந்து நாளில் திரும்ப வேண்டிய என்ஜினியர் மூன்று வாரம் லாட்ஜில் இருந்தார். ஆக 39.20. மிச்சம் 80 ஆயிரம். பத்து சதவீதம், அதாவது 4 லட்சத்தை, கஸ்டமர் ஒரு வருஷம் நிறுத்தி வைத்தார். அதற்கு பேங்க்கில் 12 சதவீத வட்டி என்றால் 48 ஆயிரம். கடைசியில் நின்றது 32 ஆயிரம். நாற்பது பேர், ஐந்து மாதம்.

முதலாளி அந்தத் தாளை மூன்று தடவை கூட்டிப் பார்த்தார். கால்குலேட்டரில் ஒரு தடவை, வாயால் இரண்டு தடவை. கிளாம்ப் டிராயிங் மூன்று முறை மாறியதற்கு மட்டும் இரண்டரை லட்சம் போயிருந்தது. "அதுக்கென்னுங்க, பண்ணிரலாம்" என்று அவர் சொன்னதன் விலை.

நல்லது மட்டும் நடந்தது என்று சொல்லிவிட முடியாது. கேஷ் கிரெடிட் வாங்கும் கம்பெனி மாதாமாதம் பேங்க்குக்கு ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கொடுக்க வேண்டும். ஸ்டாக்கும் வர வேண்டிய பாக்கியும் எவ்வளவோ அதை வைத்துத்தான் எவ்வளவு பணம் எடுக்கலாம் என்பது. பாதி முடிந்த மெஷினின் மதிப்பை இதுவரை முதலாளி கண்ணால் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டோரை எண்ணியபோது இனி எந்த மெஷினுக்கும் ஆகாத பழைய பொருள் ஒன்பது லட்சத்துக்கு இருந்தது தெரிய வந்தது. அதைக் கழித்து, பாதி மெஷினையும் உண்மையான செலவில் போட்டதும் எடுக்கக்கூடிய பணம் குறைந்தது. அந்தத் தீபாவளிக்கு போனஸ் கொடுக்க வீட்டு நகை அடகுக்குப் போனது. உண்மைக் கணக்குக்கு இப்படியும் ஒரு செலவு உண்டு என்று மென்பொருள் விற்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை.

இதை வாங்கலாமா என்று யோசிக்கும் சின்னப் பட்டறைகள், பெரிய பெயரைப் பார்த்து மயங்காமல், பட்டியல் பாதியாக இருக்கும்போதே பர்ச்சேஸ் போக விடுமா என்ற ஒரே கேள்வியை முதலில் கேட்டால் பாதிப் பணம் மிச்சம். மும்பையில் உருவான ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் மாதிரி ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களும் இருக்கின்றன. லைசென்ஸ் காசு இல்லை என்பதற்காக ஸ்டோரை எண்ணும் அந்த ஆறு வாரம் இல்லாமல் போய்விடாது. டாலியிலேயே காஸ்ட் சென்டர் வசதி இருக்கிறது. இந்தப் பட்டறையிலும் இருந்தது, ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை.

அதே கஸ்டமர் அடுத்த வருஷம் இன்னொரு மெஷின் கேட்டார். பழைய வழக்கப்படி என்றால் 41 என்று சொல்லியிருப்பார்கள். மகள் தாளை எடுத்து வைத்தார், 46 என்று போனது. கஸ்டமர் கோபித்துக்கொண்டு ராஜ்கோட்டில் விசாரிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பதினெட்டு நாள் போன் இல்லை. கையில் வேறு பெரிய ஆர்டரும் இல்லை. "பேசாம பழைய ரேட்டுக்கே குடுத்திருக்கலாம்" என்று முதலாளி தினமும் ஒரு முறை சொன்னார். ஸ்டோர் அண்ணன் மட்டும், "ரெண்டு நாள் பொறுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் நீள நோட்டை இன்னும் விடவில்லை. கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு அதிலும் எழுதிக்கொள்கிறார். யாரும் தடுக்கவும் இல்லை.

கடைசியில் 44-க்கு முடிந்தது. டிராயிங்கில் கையெழுத்தான பிறகு எதை மாற்றினாலும் தனிக் கட்டணம் என்ற வரியும் ஆர்டரில் ஏறியது. மெஷின் இப்போது அசெம்பிளியில் நிற்கிறது. கஸ்டமர் கிளாம்ப்பை ஒரு முறை மாற்றிவிட்டார். அதற்கு 85 ஆயிரத்துக்குத் தனியாக பில் போயிருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை.